அந்தரத்தில் அளந்த கால்கள்

அந்த வீட்டில் இடுப்புக்குக் கீழே எந்தப் பொருளும் கிடையாது. செருப்புகள் மேஜைமேல் இருக்கும். குப்பைத் தொட்டிக்குத் தனி ஸ்டூல். துடைப்பத்துக்கு ஆளுயரக் கைப்பிடி. வெங்காயக் கூடை ஜன்னல் கம்பியில் தொங்கும். குளியலறையில் வாளிகூட ஒரு மரத்தாங்கியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வெள்ளம் வருமோ?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "ஆமா, அடிக்கடி வரும்" என்பார்.

வெள்ளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக்காரிக்குக் குனிந்தால் தலை வலிக்கும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் சொல்கிறேன். அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

கடைவீதி முனையில் இருக்கும் ஷூ கடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. வருகிறவர்களின் காலை அளந்து, ஷூவை மாட்டிவிட்டு, எழுந்து நிற்கச் சொல்லி, முன்னால் குனிந்து, ஷூவின் நுனியில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள். விரல்களுக்கு முன்னால் இடம் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கட்டைவிரல் சொல்லிவிடும். "இது வேண்டாங்க, அரை அளவு கூட்டிப் போடலாம்" என்றாளானால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. வாடிக்கையாளர்கள் வாசலில் நின்றே, "கட்டைவிரல் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிவிடுவார்கள். சொந்தப் பெயரை அந்தக் கடையில் எல்லோரும் மறந்தே போனார்கள். அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் கர்வம்கூட.

போன மழைக்காலத்தில், ஒரு நீண்ட ஜலதோஷத்துக்குப் பிறகு, ஒருநாள் காலை. ஒரு தபால்காரரின் குதிகாலை ஷூவுக்குள் தள்ளிவிடக் குனிந்தாள். இரண்டு புருவத்துக்கும் நடுவில் யாரோ உள்ளே இருந்துகொண்டு நெட்டித் தள்ளுவதுபோல ஒரு வலி. நிமிர்ந்தாள், போய்விட்டது. மறுபடி குனிந்தாள், மறுபடி வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவளால் முடியவில்லை. அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்த அக்கா, குளியலறையில் நிறைந்த வாளியைத் தூக்கக் குனிந்தாள். "ஐயோ, தலை" என்று ஒரு சத்தம். அப்புறம் வாளி உருளும் சத்தம். வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தவளின் காலடிக்குக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்தது. குனிந்தவள் நிமிரவே இல்லை. அந்த வாளியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவள் விடவில்லை.

ஆக, குனிந்தால் வருகிற வலிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் செல்போனில் தேடிப் பார்த்தாள். முதல் ஐந்து வரியில் சாதாரண காரணங்களாகவே போட்டிருந்தது. அவள் கண் மூளை என்றிருந்த ஆறாவது வரிக்குப் போய் அங்கேயே குடியிருந்தது.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே" என்றார் வீட்டுக்காரர்.

"போனா ஒரு பேர் வைப்பாங்க. பேர் வச்சுட்டா அது நிஜமாயிடும். பேசாம இருங்க."

அவர் பேசாமல்தான் இருந்தார். தச்சுவேலை செய்கிற மனிதர். வாயால் சொல்ல வராததை எல்லாம் ரம்பத்தால் சொல்லிவிடுவார். மறுநாளே குப்பைத் தொட்டிக்கு ஸ்டூல் வந்தது. அடுத்த வாரம் அலமாரியின் கீழ்த்தட்டு காலியானது. ஒரு மாசத்தில் வீடு முழுக்க மேலே ஏறிவிட்டது. பாவம், அவர் அன்பு அப்படி.

வீட்டை உயர்த்தியாயிற்று, கடையை என்ன செய்வது? முதலாளிக்குத் தெரிந்தால், "கொஞ்ச நாள் கல்லாவில உட்காரும்மா" என்பார். கால் அளக்கிறவளைக் கல்லாவில் உட்காரவைத்தால் அப்புறம் அவள் யார்? யோசித்து யோசித்து, ஒருநாள் முதலாளியிடம் போய் நின்றாள்.

"முதலாளி, வர்றவங்களைக் கீழ உட்கார வச்சு நாம குனியறது பழைய ஸ்டைல். அவங்களை ஏத்தி உட்கார வச்சு ராஜா மாதிரி கவனிச்சா எப்படி இருக்கும்?"

முதலாளியின் கண் விரிந்தது. "அடேங்கப்பா! இத்தனை வருஷமா இந்த மூளையை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?"

வீட்டுக்காரரே செய்து கொடுத்தார். மூன்று படி, மேலே சிவப்புத் துணி தைத்த நாற்காலி, கால் நீட்டிக்கொள்ள ஒரு சின்ன சாய்வுப் பலகை. உட்கார்ந்தால் பாதம் அவள் நெஞ்சுக்கு நேராக வரும். முதல் ஆளாக முதலாளியே ஏறி உட்கார்ந்து, போட்டோ பிடித்துக்கொண்டு, தனக்கும் ஒரு ஜோடி கறுப்பு ஷூ எடுத்துக்கொண்டார். சிம்மாசனம் என்று ஊரே பேர் வைத்தது. குழந்தைகள் இறங்க மாட்டேன் என்று அழுதன. பெரியவர்கள் அழவில்லையே தவிர அவர்களும் லேசில் இறங்கவில்லை. கடையில் கூட்டம் அலைமோதியது. தன்னுடைய மற்ற இரண்டு கடைகளிலும் இதேபோல் போட வேண்டும் என்று முதலாளி தலைகால் புரியாமல் திரிந்தார்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் இருந்தது, அது அவளுக்கு மட்டும் தெரியும்.

கால் என்பது தரையில் ஊன்றி நிற்கும்போதுதான் கால். உட்கார்ந்து தொங்கப்போட்டால் அது சுருங்கிக் கிடக்கும். உடம்பின் பாரம் இறங்கினால்தான் உள்ளங்கால் தாழும், விரல்கள் முன்னால் நகரும், பக்கவாட்டில் அகலும். கடைக்குப் புதிதாக வந்த ஒவ்வொருவரையும், "நிக்க வைக்காம அளந்தே, கையை ஒடிச்சிடுவேன்" என்று மிரட்டியவள் அவள்தான். இப்போது சிம்மாசனத்தில் தொங்குகிற காலை அளந்துகொண்டிருந்தாள். இறக்கி நிற்கவைத்தால் குனிய வேண்டுமே! மேலேயே எழுந்து நிற்கச் சொல்லலாமே என்பீர்கள். மேலே மின்விசிறி சுற்றுகிறது. கால் அளவு சரியாக வரும், தலை இருக்காது.

அதனால் கண்ணாலேயே பார்த்து, அரை அளவோ கால் அளவோ மனசுக்குள் கூட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம், கண் பொய் சொல்லுமா என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவள் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டாள், அவளுக்கு அந்தத் துணிச்சல் வராது. கைதேர்ந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

ஏழு மாசம் ஓடியது. முதலில் குறையோடு வந்தவர் பதினோரு வருஷ வாடிக்கைக்காரர், உணவகத்தில் பரிமாறுகிறவர். காலை முதல் ராத்திரி வரை நிற்கிற கால். வந்தவர் சத்தம் போடவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு, காலுறையைக் கழற்றிக் காட்டினார். பெருவிரல் நகம் கன்றிக் கறுத்துப்போயிருந்தது.

"எப்போ இருந்து?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசமா. நீங்க பார்த்துக் குடுத்தது தப்பாகாதேன்னு, என் கால்தான் வீங்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். தைலம் எல்லாம் போட்டேன்மா. நேத்து தட்டை ஏந்திக்கிட்டு நடக்க முடியல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவளை நம்பித் தன் காலைப் பழித்துக்கொண்டிருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த மாசத்தில் பதினேழு ஜோடி திரும்பி வந்தது. "போட்டுத் தேய்ச்சதை எல்லாம் மாத்த முடியாது. காலு வீங்கினா நாம என்ன பண்றது?" என்று முதலாளி பூசி மெழுகினார். அவரே கொஞ்ச நாளாக ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நடந்துகொண்டிருந்தார். கேட்டால் மூட்டு என்றார்.

பதினேழாவது ஜோடி வந்த அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எத்தனை பேர் இப்படித் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ! தன் தலைக்குப் பயந்து ஊரார் காலை நசுக்கியிருக்கிறாள். இதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது? கோபம் வந்தது. முதலில் முதலாளிமேல், அப்புறம் வீட்டுக்காரர்மேல், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் போன அக்காமேல். கடைசியாகத் தன்மேல். அந்தக் கோபம் நல்ல கோபம். விடிந்ததும் எழுந்து முகம் கழுவி, "டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன்" என்றாள்.

வீட்டுக்காரர் பதறிப்போனார். "ஏன், வலி ஜாஸ்தியாயிடுச்சா?"

"வலி அப்படியேதான் இருக்கு. எனக்குத்தான் பொறுமை போயிடுச்சு. செத்தா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாகறேன்."

அதே கடைவீதியில் நாலு கட்டடம் தள்ளித்தான் கிளினிக். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிப்புக்கெல்லாம் நேரம் ஒதுக்காத முகம்.

"எத்தனை நாளா குனிஞ்சா வலி?"

"ஒன்பது மாசமா."

"ஒன்பது மாசம் என்ன பண்ணீங்க?"

"குனியாம இருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் கேள்விமேல் கேள்வி. வாந்தி உண்டா, பார்வை மங்குகிறதா, தூக்கத்தில் வலித்து எழுப்புகிறதா, கை கால் மரக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை. கன்னத்து எலும்பின் மேல் இரண்டு விரலால் அழுத்தினார். "ஆ!" என்று அலறிவிட்டாள்.

"சைனஸ். எலும்புக்குள்ள சளி தேங்கிக் கிடக்கு. குனிஞ்சா முன்னால வந்து அழுத்துது, நிமிர்ந்தா விட்டுடுது. பத்து நாள் மாத்திரை, மூக்குக்கு ஸ்ப்ரே. குறையலைன்னா ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்."

"ஸ்கேனா? அப்போ உங்களுக்கே சந்தேகம் இருக்கு."

"எனக்கு இல்லை. உங்களுக்குத்தான் இருக்கே."

"எங்க அக்கா குனிஞ்சவ நிமிரலைங்க" என்றாள். சொல்லக் கூடாது என்று பூட்டிவைத்திருந்தது பொலபொலவென்று கொட்டிவிட்டது.

டாக்டர் முழுவதையும் கேட்டார். "பிரஷர் இருந்துச்சா அவங்களுக்கு?"

"இருந்துச்சு. மாத்திரை குடுத்தாங்க. ஒரு மாசம் சாப்பிட்டுட்டு, எனக்கு ஒண்ணும் இல்லைடின்னு நிறுத்திட்டா."

டாக்டர் பட்டையைச் சுற்றி அவளுக்கும் அளந்தார். "உங்களுது நல்லா இருக்கு. உங்க அக்கா தலை வேற, உங்க தலை வேற. போங்க, தாராளமா குனியலாம்."

தாராளமாகக் குனியலாமாம்! வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா? மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். நிம்மதி வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன ஆறாவது வரி அப்படியே கண்ணில் நின்றது.

அப்போதுதான் மேஜைக்கு அடியில் பார்த்தாள். டாக்டர் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு நிற ஷூ. அவள் எடுத்துக் கொடுத்த ஷூ. இரண்டு மாசம் முன்பு சிம்மாசனத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் இந்த முகமும் இருந்தது.

"டாக்டர், பெருவிரல் மரத்துப் போகுதா?"

டாக்டரின் கால் சட்டென்று நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் ஆனா ஊசி குத்தற மாதிரி இருக்குமே?"

டாக்டர் கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "மூணு தடவை சர்க்கரை பார்த்தேன். இல்லைன்னுதான் வருது. எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில காலையே எடுத்தாங்க."

"வேற டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

டாக்டர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். காட்டவில்லை என்று முகமே சொன்னது. அந்த முகத்தை அவள் ஒன்பது மாசமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஷூவைப் போட்டுக்கிட்டு எழுந்து நில்லுங்க" என்றாள். கடையில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து நின்றார். "ஒரு கால்ல சாயாதீங்க. ரெண்டுலயும் பாரத்தைப் போடுங்க."

இனி குனிந்தால்தான் உண்டு. ஒரு கணம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் சத்தம், தண்ணீர், எல்லாம் வந்தது. வந்துட்டுப் போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கால் போட்டுத் தலையைத் தாழ்த்தினாள்.

வலியும் வந்தது. ஒன்பது மாசம் காத்திருந்த வலி, சும்மா வருமா? புருவத்துக்கு நடுவில் நெட்டியது, கன்னத்துக்கு இறங்கியது, கண்ணில் நீர் கோத்தது. அவள் நிமிரவில்லை. கட்டைவிரலை ஷூவின் நுனியில் வைத்து அழுத்தினாள். ஷூவின் தோலுக்கு அடியில் நேராக நகம் இடித்தது. ஒரு நூல்கூட இடம் இல்லை. பக்கவாட்டில் தடவினாள். அங்கேயும் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அரை அளவு சின்னது, அகலமும் பத்தாது. இதைப் போட்டுக்கிட்டா யாருக்கும் விரல் மரக்கும். ஒரு வாரம் இதைத் தொடாதீங்க. அப்பவும் மரத்தா வேற டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க, ஒளிச்சு வைக்காதீங்க" என்று தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்க கால்மேல தப்பில்லைங்க. தப்பு என்மேல. நான் பயந்துக்கிட்டு உங்களை நிக்க வைக்காம அளந்துட்டேன்."

டாக்டர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அப்பாடா என்று ஒரு பெரிய மூச்சு விட்டார்.

அவள் எழுந்தாள். வலி விட்டது. உயிர் இருந்தது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "ரம்பம், சுத்தியல் எல்லாம் எடுத்துக்கிட்டுக் கடைக்கு வாங்க."

"எதை உயர்த்தணும்?"

"எதையும் உயர்த்த வேண்டாம். பிரிக்கணும்."

முதலாளி சிம்மாசனத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நாளைக்கு மத்த ரெண்டு கடைக்கும் அளவெடுக்க ஆள் வர்றாங்க. ஊரே இதைப் பார்க்கத்தான் வருது!"

"அது சிம்மாசனம் இல்லை முதலாளி, என்னோட பயம். எனக்குக் குனிஞ்சா தலை வலிச்சுது. உங்ககிட்ட சொல்லாம மறைச்சு, ஐடியான்னு பேர் வச்சு உங்க தலையில கட்டிட்டேன். என் பயத்துக்கு எதுக்கு ரெண்டு கிளை?"

"பிரிச்சா நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

"தாராளமா கிளம்பறேன். பதினேழு பேர் காலைக் கெடுத்து வச்சிருக்கேன். அதைச் சரிபண்ணிட்டுக் கிளம்பறேன். அதுவரைக்கும் நகருங்க."

வீட்டுக்காரர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "உனக்காகத்தானே செஞ்சேன்."

"தெரியும். எனக்காகவே பிரிங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் முதல் ஆணியைப் பிடுங்கினார். அத்தனை சுறுசுறுப்பாக அவர் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. பதினேழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். "நான் கட்டைவிரல் பேசறேன். உங்க ஷூவை நான் தப்பா அளந்துட்டேன். வாங்க, நிக்க வச்சு அளக்கணும்." இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாத வார்த்தை. ஒரு தடவை சொல்வதற்குள் நாக்கு வறண்டது, பதினேழு தடவை சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். பரிமாறுகிறவர் வேலையிலிருந்து நேராக வந்தார். அவரை நிற்கவைத்து அவள் குனிந்தபோது, மேலிருந்து அவர் குரல் கேட்டது. "என்னம்மா, முகம் ஏன் இப்படிச் சுருங்குது? உடம்பு சரியில்லையா?"

"தலைவலி. அது பாட்டுக்கு அது வலிக்கட்டும். நீங்க குதிகாலை நல்லா ஊனி நில்லுங்க."

எல்லோரும் போன பிறகு, கல்லாவுக்குப் பின்னால் உர்ரென்று உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து வந்தார். சாய்ந்து சாய்ந்துதான் வந்தார். அவளுக்கு முன்னால், கறுப்பு ஷூவோடு, இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

"என்ன முதலாளி, மூட்டா?"

"பேசாம அழுத்திப் பாரும்மா" என்றார். அவள் குனிந்து அழுத்திவிட்டு நிமிர்ந்ததும், "நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பத்து நாள் போகட்டும், அப்புறம் வீட்டையும் இறக்கிடலாம்" என்றார். அவள் மாத்திரையை விழுங்கினாள், நேராகக் குளியலறைக்குப் போனாள். தாங்கியிலிருந்து வாளியை எடுத்துத் தரையில் வைத்தாள். அக்கா வைத்திருந்த அதே இடத்தில். குழாயைத் திறந்தாள்.

"நிறைய வேண்டாம், பாதி போதும்" என்றார் வீட்டுக்காரர். வாசலில் நின்றுகொண்டு நிலைப்படியை இறுகப் பிடித்திருந்தார்.

அவள் விளிம்பு வரை நிறையவிட்டாள். குனிந்தாள். கைப்பிடியைப் பற்றினாள். வலி தன் இடத்துக்கு வந்து நெட்டியது. அக்காவும் இந்தத் தண்ணீரைத்தான் கடைசியாகப் பார்த்திருப்பாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டே வாளியைத் தூக்கினாள். கொஞ்சம் தளும்பிக் காலில் கொட்டியது, சில்லென்று இருந்தது.

"நிமிர்ந்துட்டேன்" என்றாள் உரக்க.

"பார்த்தேன், பார்த்தேன்" என்றார் வீட்டுக்காரர், தனக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு.

அவள் வாளித் தண்ணீரை அப்படியே தரையில் கொட்டிவிட்டு, மறுபடி குழாயடியில் வைக்கக் குனிந்தாள்.